இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் பூஜ்யம்

பெண் இல்லாத எங்கள் வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தது என் கொழுந்தனின் உபயத்தில்.

என் மாமியாருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். மூத்தவர் என் கணவர். எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்" சம்மதமா, மறுப்பா, தூக்கமா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. இளையவனை வீட்டில் எல்லோரும் விஞ்ஞானி என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றதற்காக மாமனார் வைத்த பெயர் அது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். கிண்டல் கரைந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. முப்பது தாண்டிய வயதில் அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

பார்த்த வேலையை விட்டுவிட்டு அவன் வீட்டோடு வந்து உட்கார்ந்த மழைக்காலத்தில், கூடத்துச் சுவரை அடைத்தபடி நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று வந்தது. மணல் வந்தது, முறுக்கிய மரக்கட்டை வந்தது, சிவப்பு இலைச் செடிகள் ஈரக் காகிதத்தில் சுற்றி வந்தன. கடைசியாக ஒரு பையில் தண்ணீரோடு அது வந்தது. ஆக்ஸோலாட்டல். நீரிலேயே வாழும் பல்லி என்று வைத்துக்கொள்ளலாம். வெளிர் ரோஜா நிறம், இமை இல்லாத கண், தலைக்கு இரண்டு பக்கமும் இறகு மாதிரி சிவப்புச் செவுள்கள். நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். புழுவை இடுக்கியில் பிடித்து வாய்க்கு நேரே கொண்டுபோனால் லபக்கென்று விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். முகத்தில் மட்டும் எந்நேரமும் ஒரு சிரிப்பு.

"மாப்பிள்ளை மாதிரியே இருக்கு" என்றேன்.

மாமியார் சிரித்துவிட்டார். நான் சொல்லி அவர் சிரித்த ஒரே விஷயம் அதுதான் என்பதால் பெயர் உடனே நிலைத்துவிட்டது.

"அண்ணி, இது சாதாரண ஜீவன் இல்ல" என்றான் விஞ்ஞானி. "இந்த ஜாதியில மத்ததெல்லாம் செவுள உதிர்த்துட்டு வளர்ந்து கரைக்குப் போயிடும். இது போகாது. கடைசி வரைக்கும் குஞ்சுப் பருவத்துலயே இருக்கும்."

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் தன் இளைய மகனின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டிருந்தார். வளராமல் இருப்பதற்கு இந்த வீட்டில் ஏற்கெனவே வசதி செய்து கொடுக்கப்பட்டிருந்தது.

அவன் திட்டம் இதுதான். அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் உயிருள்ள செடியும் பிராணியுமாகத் தொட்டி அமைத்துக் கொடுப்பது. எங்கள் கூடத்துத் தொட்டிதான் மாதிரி. இதைப் பார்த்து யாராவது ஒருவர் சரி என்றால் போதும், பிறகு வரிசையில் நிற்பார்களாம். அதற்காகச் சிவப்புச் செடி வேண்டும், அதுதான் கண்ணைப் பறிக்குமாம். சிவப்புச் செடிக்கு உக்கிரமான வெளிச்சம் வேண்டும். அதற்காக, தொட்டிக்கு மேல் இளஞ்சிவப்பாக எரியும் நீள விளக்கு. விளக்கு போட்டால் தண்ணீர் சூடாகும். மாப்பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஆகும். அதற்காக எங்கள் ஃப்ரீஸர் முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள் உறைந்து கிடந்தன. அவற்றை மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிடுவான். இமை இல்லாத அந்தப் பிராணி வெளிச்சம் பொறுக்காமல் மரக்கட்டைக்கு அடியில் போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வெளிச்சம் அணைந்ததும் வெளியே வந்து, பகலெல்லாம் அவன் நட்ட சிவப்புச் செடிகளை நடந்தே பிடுங்கிப் போடும். காலையில் அவன் நீள இடுக்கியோடு உட்கார்ந்து மறுபடி நடுவான். இரண்டு பேரில் யாருக்கு அறிவு அதிகம் என்று நான் காபி குடித்துக்கொண்டே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பேன்.

வெறுப்பு என்று சொன்னால் மிகை. வெறுப்புக்கு அக்கறை வேண்டும். என்னிடம் இருந்தது இளக்காரம். அது செலவில்லாதது, உட்கார்ந்த இடத்தில் கிடைப்பது. அலுவலகத்தில் இருந்து வந்து, சோஃபாவில் துவைத்த துணிகளை மடித்தபடி, நான் அதை நாள்தோறும் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். சிலருக்கு வெற்றிலை மாதிரி.

அதற்கு ஏற்ற வேளை, அவன் தண்ணீர் சோதிக்கும் வேளை. எல்லோரும் வீட்டில் இருக்கும்போதுதான் செய்வான். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, கட்டை விரலால் மூடிக் குலுக்கி, நிறம் வருவதற்காகக் காத்திருப்பான். பிராணியின் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா வரும், அது விஷம். தண்ணீர் மஞ்சளாக இருந்தால் விஷம் இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. நிற அட்டை ஒன்று வைத்திருந்தான். விளக்குக்கு அடியில், தொட்டியை ஒட்டி, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, ஃபோனில் படமும் எடுத்துக்கொண்டு அறிவிப்பான்.

"அம்மோனியா பூஜ்யம்."

குரல் அப்படியே விமானம் தரையிறங்குகிறது என்று சொல்கிறவர் குரல்.

"ரொம்ப நல்லதுப்பா" என்பார் மாமியார்.

"ம்" என்பார் என் கணவர்.

"இதுல நாம ஒண்ணும் செய்யவே வேணாம் அண்ணி. செடி எல்லாத்தையும் இழுத்துக்கும். இயற்கை தன்னைத் தானே பாத்துக்கும்."

"உன்னை அத்தை பாத்துக்கற மாதிரி" என்பேன். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. காதில் வாங்காதவனைக் குத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு, ஊசி மழுங்காது.

அந்த நாட்களில்தான் ஒரு பல் டாக்டரம்மா தன் கிளினிக்குக்குத் தொட்டி வைக்கலாமா என்று விசாரித்திருந்தார். சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். வீடே ஆடிப்போனது. மாமியார் திரைச்சீலையைத் துவைத்தார். விஞ்ஞானி தன் பங்குக்கு, தொட்டியின் ஃபில்டரைக் கழற்றி, பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து புத்தம் புதிதாக்கினான். ஸ்பாஞ்சின் அழுக்கில்தான் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் குடியிருக்கிறது என்பதும், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் அதைக் கொன்றுவிடும் என்பதும் அவனே எனக்குச் சொன்ன பாடம்தான். தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் குளோரின் முறிக்கும் மருந்தைச் சொட்டு எண்ணி விடுகிறவன், ஸ்பாஞ்சு விஷயத்தில் மட்டும் விருந்தாளி வருகிறார் என்று வீடு துடைக்கிற குடும்பத்தின் பிள்ளையாகிவிட்டான்.

"இவ்வளவு வெள்ளையா இருந்ததா இது?" என்று மாமியார் பெருமையோடு தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சில நாட்களில் மாப்பிள்ளையின் செவுள் இறகுகள் மெலிந்தன. வால் நுனி கொக்கி மாதிரி வளைந்தது. புழுவைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொண்டது. சிவப்புச் செடிகளின் அடி இலைகள் கண்ணாடி மாதிரி மெலிந்து உருகி, மரக்கட்டைக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

"கோவிச்சுக்கிட்டிருக்கு" என்றார் மாமியார். "மாப்பிள்ளைன்னா ஒரு தடவையாவது கோவிச்சுக்கணும்ல."

"புதுத் தண்ணிக்குப் பழகுதும்மா. செடியும் அப்படித்தான், பழைய இலைய விட்டுட்டு புது இலை விடும்" என்றான் விஞ்ஞானி. குழாயை விளக்கடியில் பிடித்தான். "பூஜ்யம். பாருங்க அண்ணி, பூஜ்யம்தானே?"

நான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் அவனிடம் சொன்னேன். அவன் தூக்கிய புருவத்தைப் பார்த்தேன், சுண்டு விரலை விலக்கிக் குழாயைப் பிடித்த தோரணையைப் பார்த்தேன். குழாய்க்குள் இருந்தது ஆரஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. அட்டையிலும் ஆரஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. "ஆமாம் சாமி" என்றேன், ஒரு தலையணை உறையை உதறிக்கொண்டே.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் நிறம் சரிபார்ப்பவள் நான். சாம்பல் சுவர் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கிறது, கலர் பூத் என்போம். உள்ளே பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு. அந்த விளக்கில் தாளை வைத்துப் பார்த்து நான் வேண்டாம் என்றால் மொத்தச் சரக்கும் திரும்பிப் போகும். பூத்துக்கு வெளியே ஒரு நிறத்தைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன் என்பதற்காகவே அச்சு மிஷின்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை நீதிபதி என்பார்கள். எனக்கு அது தெரியும். பிடிக்கவும் செய்யும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், குளிர்பானம் தள்ளும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதன் முகப்பு ரோஜா நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். மூத்த மிஷின்காரர் கையில் தாளோடு ஓடி வந்தார்.

"மேடம், இந்த எலுமிச்ச மஞ்சள் ஓகேதானே? ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா ஓட்டிடுவேன்."

"பூத்துக்குக் கொண்டு வாங்க."

"அட, மாதிரியையும் கையிலயே வெச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதான், பாருங்களேன்."

"இந்த வெளிச்சத்துல பச்சையும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். இங்க வெச்சுக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

சொன்ன வாய் அப்படியே நின்றது. அவர் கையில் இருந்த இரண்டு தாள்களும் ஆரஞ்சு மாதிரி ஏதோ ஒன்றாக இருந்தன.

"என்ன மேடம், உடம்பு சரியில்லயா?"

"ஒண்ணுமில்ல. பூத்துக்கு வாங்க."

பூத்துக்குள் ஒரு தாள் மஞ்சள், இன்னொன்று பச்சை தட்டிய மஞ்சள். திருப்பி அனுப்பினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அந்தச் சாம்பல் சுவருக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் என் மூக்குக்கு நேரே ஒருவன் ரோஜா விளக்கில் மஞ்சளையும் பச்சையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். உலகத்தில் இதை யார் கண்டுபிடிக்காமல் போயிருந்தாலும் நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்கு அவனைக் கேலி செய்யவே நேரம் சரியாக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்தேன். சொட்டு விட்டேன், குலுக்கினேன், பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். வெயில் இன்னும் இருந்தது. நிறம் வரக் காத்திருந்த அந்தச் சில நிமிஷங்களில் எனக்குள் ஓடியதை நான் நன்றாகவே கவனித்தேன். பச்சையாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். பயந்துகொண்டு அல்ல, நாக்கு ஊற ஆசைப்பட்டேன். பச்சை வந்தால் அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிராணி விஷத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆசைக்கு அர்த்தம் என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை. கொஞ்சம் வெட்கத்தோடு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பச்சை வந்தது. தளதளவென்று, சந்தேகமே இல்லாத பச்சை.

விஞ்ஞானியைக் கூப்பிட்டேன். பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

"மருந்து பழசா இருக்கும் அண்ணி."

"நேத்து இதே மருந்துதான் பூஜ்யம்னு சொல்லிச்சு."

"அது வந்து… வெயில்ல எல்லாமே கொஞ்சம் பச்சையா தெரியும்."

"நிறத்தைப் பத்தி எங்கிட்டயா பேசற?"

அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். குழாயைத் திருப்பிப் பார்த்தான். கூடத்துக்குள் போய் விளக்கடியில் பிடித்துப் பார்த்தான், மறுபடி வெளியே வந்தான். நான் நினைத்து நாக்கு ஊறிய அந்த முகம் வந்தது. வந்தபோது எனக்கு ருசிக்கவில்லை. அது வெறும் பயந்த முகம்.

"அண்ணி, நாளைக்குத்தான் டாக்டரம்மா வர்றாங்க. ஒரே ஒரு நாள். அவங்க போனதும் எடுத்துடலாம்."

"ஒரு நாள் தாங்குமா அது?"

"அவன் மொத மொதலா ஒரு காரியம் செய்யறான்" என்றார் மாமியார். "நீ ஏம்மா நடுவுல நிக்கற? ஒரு பூச்சிக்காக."

"நேத்து வரைக்கும் மாப்பிள்ளையா இருந்துச்சு அத்தை. இன்னைக்குப் பூச்சியா?"

கணவர் வாசலில் வந்து நின்றார். "என்னங்க, நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ம்" என்றார்.

போர்வை வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் காலி செய்தேன். குளிக்கிற அறையில், ஜன்னல் இல்லாத மூலையில் வைத்து, குளோரின் முறித்த தண்ணீர் நிரப்பி, உறைந்த பாட்டில் ஒன்றைப் போட்டேன். வலையில் பிடித்தால் செவுள் கிழியும் என்று அவன்தான் எப்போதோ சொல்லியிருந்தான். சமையலறையில் இருந்து மாமியாரின் அகலக் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

"அது நான் மாவு பிசையற கிண்ணம்."

"கழுவித் தந்துடறேன் அத்தை."

விஞ்ஞானியே கிண்ணத்தை இறக்கி மாப்பிள்ளையை ஏந்திக் கொண்டுவந்து டப்பாவில் விட்டான். டாக்டரம்மாவிடம் செடியை மட்டும் காட்டுவதாகச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் எப்போதுமே யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் அதே தப்புதான். ஆளைத் தெரியும் என்று நினைத்துவிட்டால் நான் பார்ப்பதை நிறுத்திவிடுகிறேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்குள் நுழையும்போதே புதுச் செருப்பு ஒரு ஜோடி வாசலில் இருந்தது. கூடத்தில் பல் டாக்டரம்மா சோஃபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல பற்கள். துவைத்த திரைச்சீலை, ரோஜா விளக்கு, பளபளக்கும் கண்ணாடி. அதற்குள், தண்ணீரின் மேல்மட்டத்தில், மாப்பிள்ளை.

"பாதித் தண்ணி மாத்திட்டேன் அண்ணி" என்றான் விஞ்ஞானி அவசரமாக. "செக் பண்ணேன். பூஜ்யம்." கை அவனை அறியாமல் விளக்கைக் காட்டியது.

"எப்பவும் அடியிலயே கிடக்கும்னீங்க, மேல வந்து எட்டிப் பாக்குதே" என்றார் டாக்டரம்மா. "ஆள் வந்தா தெரியுமோ? சிரிக்குது பாருங்க."

அது எட்டிப் பார்க்கவில்லை. மூச்சு முட்டி மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு வாலடிக்கத் தெம்பில்லாமல் கீழே இறங்கியது, மறுபடி வந்தது. செவுள்கள் முன்பக்கமாக மடிந்து, நனைந்த நூல் மாதிரி தொங்கின. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வாயின் அமைப்பு அப்படி. சாகும்போதும் அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவர்கள் காபி குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. விருந்தாளி முன்னால் வாயைத் திறக்காதே என்பது அதன் சுருக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. சமையலறைக்குப் போய் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கைப்பையை டாக்டரம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, அலுவலகச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன்.

"அண்ணி, ப்ளீஸ். பத்து நிமிஷம்."

"தள்ளு தம்பி."

"எம்மா, மருமகளே" என்றார் மாமியார், குரலில் சர்க்கரை தடவி. "வந்தவங்க முன்னாடி என்ன இது?"

"மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்ல அத்தை."

கிண்ணத்தை இறக்கினால் அது விலகியது. விலகத் தெம்பு இருப்பது நல்லதுதான் என்று தோன்றியது. வேறு வழியில்லாமல் இடது கையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தடுத்தேன். இத்தனை மாதத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. நான்கு விரல் வைத்த முன்னங்கால் என் மணிக்கட்டில் ஊன்றியது. பிடித்தது என்று சொல்ல முடியாது, ஈரத் துணி ஒட்டுகிற மாதிரி ஒட்டியது. ஆனாலும் நான் அசையாமல் நின்றுவிட்டேன். அதற்கு என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. என்னைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரு உயிர் இந்த வீட்டில் இருந்திருக்கிறது, நான் அதற்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தில் ஏந்தி, தரையெல்லாம் தண்ணீர் சிந்த, குளிக்கிற அறைக்குக் கொண்டுபோனேன். டப்பாத் தண்ணீர் குளிர்ந்தே இருந்தது. உள்ளே விட்டதும் அடியில் போய்ப் படுத்தது. இருட்டில் அது ஒரு வெளிறிய கோடு.

கதவு திறந்திருந்ததால் கூடத்துப் பேச்சு கேட்டது. டாக்டரம்மாதான், நிம்மதியாகவே சொன்னார்:

"உண்மையச் சொல்லணும்னா, அது இல்லாமதான் தொட்டி இன்னும் நல்லா இருக்கு. குழந்தைங்க பயந்துடும். செடியெல்லாம் பிளாஸ்டிக்தானே? நிஜம் மாதிரியே இருக்கு."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இல்ல மேடம். நிஜச் செடி."

"அப்படியா? அப்ப தினம் தண்ணி ஊத்தணுமா?"

"…அது தண்ணிக்குள்ளதான் மேடம் இருக்கு."

"ஆமால்ல" என்றார் அவர். "எதுக்குங்க அவ்வளவு தொல்லை? இந்த லைட் மட்டும் ரொம்ப அழகா இருக்கு. இது எங்க கிடைக்கும்?"

அவர் போன பிறகு விஞ்ஞானி குளிக்கிற அறை வாசலில் வந்து நின்றான். நான் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். திட்டத் தயாராக இருந்தேன். வாக்கியங்கள் வரிசையாக நின்றன. அவன் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தான்.

"தண்ணி ஊத்தணுமான்னு கேக்கறாங்க அண்ணி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கும் இளக்காரம் செய்ய இன்னொருத்தி தேவைப்பட்டாள். அன்பு, புரிதல் என்றெல்லாம் சொல்வார்களே, அந்த வழியாக நாங்கள் வந்து சேரவில்லை.

"பூஜ்யம்னு சொன்னியே, எங்க வெச்சுப் பாத்த?"

"பால்கனியிலதான் மொதல்ல பாத்தேன்" என்றான் மெதுவாக. "அப்புறம் உள்ள வந்து பாத்தேன்."

தெரியாமல் செய்தவனைத்தான் நான் இத்தனை நாள் முட்டாள் என்று நினைத்திருந்தேன். இது வேறு. இது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. தனக்கு வேண்டிய நிறம் தெரிகிற வெளிச்சத்தைத் தேடிப் போய் நிற்பது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் டப்பாத் தண்ணீரை முழுக்க மாற்றினோம். காலையில் அவன், மாலையில் நான். குளிக்க வருகிறவர்கள் எல்லாம் டப்பாவைச் சுற்றிக்கொண்டு குளிக்க வேண்டியிருந்தது. என் கணவர் அதற்கு மட்டும் "ம்" என்று சொல்லாமல் "ப்ச்" என்றார். மாமியார் புதுக் கிண்ணம் வாங்கிக்கொண்டு, பழையதை என் பக்கம் தள்ளிவிட்டார். கூடத்துத் தொட்டியில் விஞ்ஞானி சிவப்புச் செடிகளைத் தானாகவே பிடுங்கினான். அழுகிய இலைகளை உறிஞ்சி எடுத்தான். மரக்கட்டையில் பாசியைக் கட்டினான், வெளிச்சம் கேட்காத தடித்த இலைச் செடிகளைச் செருகினான், மேலே மிதக்கும் பாசி இலைகளைப் பரப்பி நிழல் செய்தான். ஸ்பாஞ்சு மெல்ல மறுபடி பழுப்பேறியது. அதைப் பார்த்து மாமியாரின் கை பரபரத்ததை நான் பார்த்தேன். "தொட்டீங்கன்னா தெரியும்" என்றேன். மரியாதை இல்லாத பேச்சுதான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

விளக்கைக் கழற்றினோம். அது டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனது. அங்கே ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டிக்கு மேல் எரிகிறதாம். நோயாளிகளின் ஈறு நிறத்தை அவர் அந்த வெளிச்சத்தில் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை பல நாள் எதுவும் சாப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் இடுக்கியில் பிடித்த புழு அதன் முகத்துக்கு முன்னால் நெளிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை வலித்து, சரி நாளைக்குப் பார்க்கலாம் என்று எடுக்கப் போனபோது, லபக்கென்று இடுக்கியோடு சேர்த்துக் கவ்வியது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அதை என்னோடு மட்டும் வைத்துக்கொண்டேன்.

தொட்டித் தண்ணீர் சரியாகும் வரை அதை அங்கே விடக் கூடாது. ஆகவே பால்கனியில் தினமும் சோதனை. பச்சை, வெளிர் பச்சை, பச்சை தட்டிய மஞ்சள் என்று வாரங்கள் போயின.

இன்று விஞ்ஞானி குழாயை வெயிலில் பிடித்தபடி ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். தொட்டி வைக்கப் புதிதாக விசாரிக்கிறார்கள், ஒரு வக்கீல் அலுவலகமாம்.

"இல்ல சார், நான் எப்பவுமே பகல் வெளிச்சத்துலதான் செக் பண்ணுவேன். நிறைய பேருக்கு அது தெரியறதில்ல சார். பேசிக் விஷயம்."

துணி மடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. ஊசி எடுக்க நாக்கு போனது. போன இடத்திலேயே நிறுத்தினேன். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குழாயை அவன் என் பக்கம் நீட்டினான்.

"அண்ணி, இது மஞ்சள்தானே? எனக்கு மஞ்சளாதான் தெரியுது."

அவன் புருவம் தூக்கியிருந்ததா, சுண்டு விரல் விலகியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. குழாயை வாங்கினேன். வெள்ளைத் தலையணை உறையைப் பின்னால் பிடித்து, அட்டையை ஒட்டி வைத்து, கண் கூசும் வரை பார்த்தேன்.

"இன்னும் ஒரு துளி பச்சை இருக்கு" என்றேன். "நாளைக்குப் பாக்கலாம்."

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டே குழாயைக் கழுவப் போனான். குளிக்கிற அறையில் டப்பா மூடியை மாப்பிள்ளை உள்ளிருந்து வாலால் ஒரு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. பசி நேரம்.